ஊதாத விசில்

நம் சங்கத்து ஆண்டு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றால், கோலாரம்மன் கோயிற் கல்வெட்டில் காணும் சோழர் பெயரையோ, 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி வழியே நம் தங்கவயலுக்கு மின்சாரம் வந்த கதையையோ எழுதுவது மரபு. அவற்றைப் பன்முறை படித்து மகிழ்ந்திருக்கின்றோம். இவ்வாண்டு அடியேன் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அத்தகைய தொன்மை இல்லை. 2023ஆம் ஆண்டில் பெங்களூரில் நடந்த ஒரு கால்பந்தாட்டமே அது. ஒரே ஒரு கோலில் முடிந்த ஆட்டம். ஆயினும் அந்த ஒரு கோலைப் பற்றி நம் லைன் வீடுகளின் திண்ணைகளிலும், மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் காலை ரயிலிலும் நிகழ்ந்த வாதங்களை ஒன்றுதிரட்டினால் அதுவே ஒரு நூலாகும். நீதி எது, தீர்ப்பு எது, இரண்டும் வேறுபட்டால் மனிதன் செய்யத்தக்கது யாது என்னும் பழைய கேள்வியே அவ்வாதங்களின் அடியில் கிடந்தது. ஆதலால் இதனையும் வரலாறு எனக் கொண்டு எழுதத் துணிந்தேன்.

நடந்ததை முதலில் கூறிவிடுகிறேன். இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் அவ்வாண்டு புதியதோர் ஏற்பாடு செய்திருந்தனர். முதலிரண்டு இடம் பெற்ற அணிகள் நேரே அரையிறுதிக்குச் செல்லும். மூன்றாம் இடம் முதல் ஆறாம் இடம் வரை பெற்ற நான்கு அணிகள் தமக்குள் ஒரே ஓர் ஆட்டம் ஆடி, வென்றவை அரையிறுதியை அடையும். நான்காம் இடம் பெற்ற பெங்களூர் அணியும் ஐந்தாம் இடம் பெற்ற கேரள பிளாஸ்டர்ஸ் அணியும் மார்ச் 3ஆம் நாள் வெள்ளிக்கிழமை இரவு பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் மோதின. தோற்றவர் வீடு திரும்ப வேண்டியதுதான். மறு ஆட்டம் கிடையாது. 90 நிமிடங்களிலும் கோல் விழவில்லை. கூடுதல் நேரம் தொடங்கியது.

96ஆம் நிமிடத்தில் கேரள அணியின் பெனால்டி எல்லைக்குச் சற்று வெளியே பெங்களூர் வீரர் சுனில் சேத்ரி வீழ்த்தப்பட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் ஃப்ரீ கிக் வழங்கினார். கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைக்கத் தலைப்பட்டனர். அவர்களுடைய கோல்காவலர் பிரப்சுகன் கில் ஒரு பக்கமாக நின்று அச்சுவரை ஒழுங்குசெய்துகொண்டிருந்தார். கோல் வாயில் திறந்து கிடந்தது. சேத்ரி விசிலுக்குக் காத்திராமல் பந்தை மெல்லத் தூக்கி உள்ளே செலுத்திவிட்டார். நடுவர் அதனைக் கோல் என்றார். கேரள வீரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அவர்களுடைய பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச், செர்பிய நாட்டினர், மைதானத்தின் உள்ளே வந்து தம் வீரர்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார். ஏறத்தாழ இருபது நிமிடம் காத்திருந்தபின் நடுவர் ஆட்டத்தை முடித்துவைத்தார். பெங்களூர் அணி 1—0 என வென்றது.

பெங்களூருக்கு 1—0 புதிதன்று. 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்று, அக்கோப்பையைப் பெற்ற முதல் இந்தியக் குடிமக்கள் அணி எனப் பெயர் பெற்றதும் 1—0 என்ற கணக்கில்தான். மைசூர் அணி 1952-53இல் வங்காளத்தை வீழ்த்திச் சந்தோஷ் கோப்பை கொண்டதும் அதே கணக்கில்தான். ஆயினும் அந்த வெற்றிகளை ஊரார் கொண்டாடினர். இந்த வெற்றியையோ ஊரார் விசாரித்தனர்.

விசாரணை எப்படி நடந்தது என்பதைச் சொல்லவேண்டும். நம்மில் பலர் நாள்தோறும் பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவர்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பின்னர் அந்த ரயிலே நமக்கு இரண்டாம் வீடு. அதில் தமிழர் உண்டு, தெலுங்கர் உண்டு, கன்னடியர் உண்டு, பல்லாண்டுகளாக நம்முடன் வாழும் மலையாள நண்பர்களும் உண்டு. மலையாள நண்பர்கள் ஒருமுகமாகக் கேட்ட கேள்வி ஒன்றே: விசில் ஊதாமல் எப்படி ஆடலாம்? வியப்பு என்னவெனில், பெங்களூர் அணியை ஆதரித்த நம்மவரிலும் பாதிப்பேர் இக்கேள்விக்கு விடை கூற இயலாமல் விழித்தனர். அதற்குக் காரணம் உண்டு. நாம் ரயிலையும் சுரங்கத்தையும் கண்டு வளர்ந்தவர்கள். கார்டு விசில் ஊதிப் பச்சைக்கொடி காட்டினாலன்றி வண்டி நகராது. மணி அடித்தாலன்றிச் சுரங்கத்தில் கேஜ் இறங்காது. குறிப்புக் கிடைத்த பின்னரே இயக்கம் என்பது நமக்கு உயிர்காக்கும் விதி. அந்த விதியையே பந்தாட்டத்திற்கும் பொருத்திப் பார்க்கின்றோம்.

பந்தாட்டச் சட்டம் அப்படி அமைந்ததன்று. அங்கே விசில் பெரும்பாலும் நிறுத்துவதற்கு உரியதே ஒழியத் தொடங்குவதற்கு உரியதன்று. ஆட்டத்தின் தொடக்கத்திற்கும், கோல் விழுந்தபின் மீண்டும் தொடங்குவதற்கும், பெனால்டி உதைக்கும் விசில் கட்டாயம். மஞ்சள் அட்டையோ சிவப்பு அட்டையோ காட்டிய பின்னும், காயத்திற்காகவோ ஆள்மாற்றத்திற்காகவோ ஆட்டம் நின்ற பின்னும் கட்டாயம். ஃப்ரீ கிக்கின்போது எதிரணியினரை 10 கஜத்திற்கு அப்பால் நிறுத்தும் பொறுப்பை நடுவர் தாமே ஏற்றுக்கொண்டாலும் கட்டாயம். மற்ற ஃப்ரீ கிக்குகளுக்கு விசில் தேவையில்லை. பந்து அசையாமல் உரிய இடத்தில் இருந்தால் போதும்.

இதன் நியாயத்தை உணர வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் தகும். 1863ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஒரு விடுதியில் கூடிக் கால்பந்துச் சங்கம் அமைத்த கனவான்கள் நடுவர் என ஒருவரை நியமிக்கவே இல்லை. கனவான்கள் வேண்டுமென்றே தவறு செய்யார் என்பது அவர்கள் கொள்கை! அக்கொள்கை நெடுநாள் நிற்கவில்லை என்று கூறவும் வேண்டுமோ? முதலில் அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் வந்தனர். அவர்கள் ஒத்துப்போகாதபோது தீர்ப்புக் கூறக் கோட்டிற்கு வெளியே ஒரு நடுவர் அமர்ந்தார். கிரிக்கெட்டில் இன்றும் இருப்பதுபோல, வீரர் முறையிட்டால்தான் தீர்ப்பு. 1891இல் அந்த நடுவர் மைதானத்தின் உள்ளே வந்தார். அம்பயர்கள் கோட்டு நடுவர்களாயினர். பெனால்டி உதை பிறந்ததும் அதே ஆண்டில்தான். முறையீடு இல்லாமலே தீர்ப்பளிக்கும் அதிகாரம் 1894இல் நடுவருக்குக் கிடைத்தது. எதிரணியினர் விலகி நிற்கவேண்டிய தூரம் முன்பு 6 கஜமாக இருந்தது. 1913இல் அது 10 கஜமாயிற்று.

இவ்வளவு மாறுதல்களிலும் ஓர் எண்ணம் மட்டும் மாறாமல் நிற்கிறது. குற்றம் இழைத்தவன் அக்குற்றத்தால் ஆதாயம் அடையலாகாது. எதிரியைக் காலிடறி வீழ்த்திவிட்டு, அதன் பயனாகக் கிடைத்த அவகாசத்தில் சாவகாசமாகச் சுவர் கட்டிக்கொள்ளுதல் ஆதாயம் அன்றோ? ஆகவே வீழ்த்தப்பட்டவன் விரும்பினால் உடனே ஆடலாம். சுவரும் 10 கஜமும் அவனுக்கு அளிக்கப்பட்ட சலுகைகள். எதிரிக்கு அளிக்கப்பட்ட உரிமைகள் அல்ல. இதனைக் கூறியபோது மலையாள நண்பர் ஒருவர், “அப்படியானால் எங்கள் கோல்காவலர் என்ன செய்யவேண்டும்?” என்று கேட்டார். பந்தின் முன் ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் கண்ணைப் பந்தைவிட்டு எடுக்காமல் இருக்கவேண்டும் என்பதே விடை. கேரள அணியில் அப்படி ஒருவர் நின்றும் இருந்தார். அவர் பெயர் அட்ரியன் லூனா, உருகுவே நாட்டினர், அணித்தலைவர். அவரிடம் பின்னர் வருவேன்.

இத்தகைய கோல் இதற்குமுன் விழுந்ததில்லையா எனில், பெரிய மைதானங்களிலேயே விழுந்திருக்கின்றது. 2004 டிசம்பரில் லண்டனில் ஆர்சனல் அணிக்கும் செல்சி அணிக்கும் நடந்த ஆட்டத்தில் தியரி ஹென்றி இவ்வாறே ஒரு கோல் அடித்தார். நடுவர் கிரஹாம் போல், உடனே ஆடுகிறீரா, விசிலுக்குக் காத்திருக்கிறீரா என ஹென்றியைக் கேட்டு, அவர் விரும்பியவாறே விட்டதாகப் பின்னர் கூறினார். செல்சி வீரர்கள் கொதித்தனர், கொதித்துவிட்டு ஆடினர். ஆட்டம் 2—2 என முடிந்தது.

அதைவிட நம் வழக்கிற்கு நெருங்கியது 2007 பிப்ரவரி 20ஆம் நாள் பிரான்ஸ் நாட்டில் நடந்தது. ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் போட்டியில் லீல் அணியை மான்செஸ்டர் யுனைடெட் எதிர்த்தது. 83ஆம் நிமிடத்தில், லீல் கோல்காவலர் சுவர் அமைத்துக்கொண்டிருந்த வேளையில், ரயன் கிக்ஸ் விசிலின்றிப் பந்தை உள்ளே அனுப்பினார். அதற்குமுன் லீல் அடித்த கோல் ஒன்று மறுக்கப்பட்டும் இருந்தது. ஆகவே அவர்கள் ஆத்திரம் இருமடங்கு. லீல் வீரர்கள் எல்லைக்கோட்டை நோக்கி நடக்கத் தொடங்கினர். பெங்களூரில் 16 ஆண்டுகளுக்குப்பின் நாம் கண்ட அதே காட்சி! ஆனால் கோட்டருகே சென்றவர்கள் திரும்பி வந்து எஞ்சிய நிமிடங்களை ஆடினர். 1—0 எனத் தோற்றனர். அவர்கள் செய்த முறையீட்டை ஐரோப்பியச் சங்கம் தள்ளிவிட்டது. எனினும் மார்ச் மாதம் மான்செஸ்டரில் மறு ஆட்டம் ஆடும் தகுதி அவர்களுக்கு எஞ்சி நின்றது.

ஆகவே சட்டம் சேத்ரியின் பக்கம் என முடித்துவிடலாமா? அவ்வளவு எளிதில் முடிக்கலாகாது. ரயிலில் நடந்த வாதத்தில் பெங்களூர் ஆதரவாளர்கள் பலர் இந்த இடத்திலேயே கைதட்டி எழுந்துவிட்டனர், அது அவசரம். ஃப்ரீ கிக் வழங்கப்பட்டதற்கும் பந்து உதைக்கப்பட்டதற்கும் இடையே சிறிது நேரம் சென்றுவிட்டது. நடுவர் பந்தருகே இருந்தார். அவர் தூரத்தை ஒழுங்குசெய்யும் வேலையில் இறங்கிவிட்டார் எனில், அந்தக் கணமே விரைந்து ஆடும் உரிமை போய்விடும், விசில் கட்டாயமாகிவிடும். இறங்கவில்லை எனில் உரிமை நிற்கும். கேரள அணியின் வாதத்தின் உயிர்நிலை இதுவே. ‘விசில் ஊதவில்லை’ என்று பொதுவாகக் கூவியதைவிட, ‘நடுவர் தலையிட்டார், தலையிட்டபின் விசில் ஊதாமல் விட்டார்’ என்று அவர்கள் நிலைநாட்டியிருந்தால் வழக்கு வலுப்பெற்றிருக்கும்.

சேத்ரி பின்னர் கூறியதோ வேறு. தமக்கு விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என நடுவரிடம் கூறியதாகவும், நடுவர் மறுபடியும் கேட்டு உறுதிசெய்துகொண்டதாகவும், அருகில் நின்ற லூனா அதனைக் கேட்டதாகவும், கேட்டதனாலேயே தம் முதல் முயற்சியை அவர் தடுத்ததாகவும் சொன்னார். இங்கேதான் அடியேனுக்கு ஓர் ஐயம். இதனை எந்தப் பத்திரிகையாளரும் விரித்து எழுதக் காணேன். விரைந்து உதைக்கப்படும் ஃப்ரீ கிக்கை வேண்டுமென்றே தடுப்பவருக்கு மஞ்சள் அட்டை காட்டவேண்டும் என்பது சட்டம். சேத்ரி கூறியபடியே லூனா முதல் முயற்சியைத் தடுத்திருந்தால், நடுவர் லூனாவுக்கு அட்டை காட்டியிருக்கவேண்டும். அட்டை காட்டினால் விசில் ஊதித்தான் ஆட்டத்தை மீண்டும் தொடங்கவேண்டும். விசில் ஊதினால் கோல்காவலர் தம் இடத்திற்கு வந்திருப்பார். அந்தக் கோல் விழுந்திராது! அதாவது கேரள அணித்தலைவரின் குற்றம் ஒன்றைத் தண்டித்திருந்தால் கேரள அணி தப்பியிருக்கும். தண்டியாமல் விட்டதால் மாண்டது. சட்டப்புத்தகத்தில் இத்தகைய விநோதங்கள் பல உண்டு. ரயில்வே கணக்கு விதிகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் ஆதலால் இது எனக்கு அவ்வளவு வியப்பளிக்கவில்லை.

எனவே என் எண்ணம் இது. கோல் சட்டப்படி நிற்கத்தக்கது. ஆனால் நடுவர் அந்தச் சில வினாடிகளைக் கையாண்ட விதம் குறையற்றது என்று சொல்வதற்கில்லை. கேரள அணிக்கு மனக்குறை ஏற்பட்டது இயல்பே. அவர்களைப் பொய்யர் என ஏசிய நம் இளைஞர்களின் பேச்சு தகாதது.

ஆயினும் மனக்குறை வேறு, வெளியேறுதல் வேறு. கூடுதல் நேரத்தில் இன்னும் 24 நிமிடம் எஞ்சியிருந்தது. ஒரு கோலைத் திருப்ப 24 நிமிடம் போதாதா? 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலோடு, கிழக்கு யார்க்ஷயர் படையணியிடம் ஒரு கோல் பின்தங்கியிருந்து, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்துக் கேடயம் கொண்ட கதையை நம் குழந்தைகளுக்குச் சொல்லுகின்றோமே!

வெளியேறியவர்களின் வரலாறு மகிழ்ச்சி தருவதாக இல்லை. 1920ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் பெல்ஜியம் 2—0 என முன்னணியில் இருந்தது. ஆங்கிலேய நடுவர் ஜான் லூயிஸ், அறுபதைக் கடந்த முதியவர், செக்கோஸ்லோவாக்கிய வீரர் ஒருவரை வெளியேற்றினார். நடுவர் நேர்மையற்றவர் என்று கூறி அந்த அணி முழுவதும் முதற்பாதி முடியுமுன்னரே மைதானத்தை விட்டு அகன்றது. பெல்ஜியத்திற்குத் தங்கம். செக்கோஸ்லோவாக்கியாவின் முறையீடு ஏற்கப்படவில்லை. அவ்வணியே போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. வெள்ளிப் பதக்கம், இறுதியாட்டத்தில் கால் வைக்காத ஸ்பெயினுக்குப் போயிற்று. 2—0 எனத் தோற்றிருந்தாலும் அந்த வெள்ளி செக்கோஸ்லோவாக்கியாவினுடையதே.

நம் நாட்டிலும் இது நடந்துள்ளது. 2012 டிசம்பர் 9ஆம் நாள் கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஈஸ்ட் பெங்கால் அணியோடு ஆடிய மோகன் பகான், தன் வீரர் ஒடாஃபா சிவப்பு அட்டை பெற்றதையும், ரஹீம் நபி என்பவர் கல்லெறிபட்டதையும் காட்டி இரண்டாம் பாதிக்கு வர மறுத்தது. கல்லெறி மெய்யான துன்பம். அதனை எளிதாக எண்ணுவதற்கில்லை. ஆயினும் அவ்வணியை ஐ-லீக் போட்டியிலிருந்து விலக்கத் தீர்ப்பாயிற்று. பின்னர் அத்தீர்ப்பைத் தளர்த்தி, 2 கோடி ரூபாய் அபராதமும், அதுவரை ஈட்டிய புள்ளிகள் யாவற்றையும் இழப்பதும் விதித்தனர்.

கேரள அணிக்கும் அதுவே நேர்ந்தது. கோலை நீக்கி ஆட்டத்தை மீண்டும் நடத்தவேண்டும் என்ற முறையீடு சில நாட்களிலேயே தள்ளப்பட்டது. ஆட்டத்தின் நிகழ்ச்சிகளைப் பற்றி நடுவர் எடுக்கும் முடிவே இறுதியானது என்பது சட்டம். மார்ச் மாத இறுதியில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும். இருவரும் வருத்தம் தெரிவிக்கவும் ஆணையிட்டது, தெரிவித்தனர். மேல்முறையீடும் பயனளிக்கவில்லை.

இத்தொகையைக் கண்டு அஞ்சியே நான் இதை எழுதுகிறேன் என எண்ணவேண்டாம். அஞ்சியது வேறொன்றைக் கண்டு. அவ்வாண்டு கோடை விடுமுறையில் நம் பகுதிச் சிறுவர் ஆட்டம் ஒன்றில் பந்து கையில் பட்டதா இல்லையா என்று தகராறு எழுந்தது. நடுவராக இருந்தவர் கல்லூரியில் படிக்கும் பையன். ஊதியம் இல்லை, தேநீர் கூட இல்லை. ஓர் அணிச் சிறுவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டனர். பெரியவர்கள் கடிந்துகொண்டபோது, “கேரளா டீம் போகலையா?” என்றான் பன்னிரண்டு வயதுப் பொடியன். அவனுக்கு உடனே விடை சொல்வார் இல்லை. அந்தக் கல்லூரிப் பையன் அதன்பின் விசிலைக் கையில் எடுக்கவே இல்லை. நம் மைதானங்களில் பந்துக்குக் குறைவில்லை, ஆடுவோர்க்கும் குறைவில்லை. நடுவராக நிற்க ஒப்புவோர்தாம் கிடைப்பதில்லை.

இயந்திரம் வந்தால் தகராறு தீரும் என்பார் உளர். 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஹர்ஸ்ட் அடித்த பந்து கோட்டைக் கடந்ததா என்ற வாதம் அரை நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. 2010இல் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைக் கடந்ததை உலகமே கண்டது. நடுவர் மட்டும் காணவில்லை. இங்கிலாந்து வீரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஆடி 4—1 எனத் தோற்றனர். இரண்டே ஆண்டுகளில், 2012இல், கோல் கோட்டுக் கருவிக்கு அனுமதி கிடைத்தது. 2018இல் வீடியோ நடுவர் முறையும் சட்டத்தில் ஏறியது. 2023இல் நம் நாட்டுப் போட்டியில் அம்முறை இல்லை. இருந்திருந்தாலும் கண்டீரவா வழக்கு தீர்ந்திருக்குமா என்பது ஐயமே. பந்து கோட்டைத் தாண்டியதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லையே! நடுவர் வாயால் என்ன சொன்னார் என்பதன்றோ வழக்கு?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அரையிறுதியில் மும்பையை வென்ற பெங்களூர் அணி மார்ச் 18ஆம் நாள் கோவாவில் மோகன் பகான் அணியோடு இறுதியாட்டம் ஆடியது. 2—2 எனச் சமனாகி, பெனால்டி உதைகளில் 4—3 எனத் தோற்றது. அன்று நடுவர் தீர்ப்புகளைக் குறைகூறி, வீடியோ முறை வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டவர் வேறு யாருமல்லர், பெங்களூர் அணியின் உரிமையாளரே. பதினைந்து நாட்களுக்குமுன் நடுவர் தீர்ப்பே வேதம் என்று ரயிலில் முழங்கிய நம் நண்பர்கள், திங்கட்கிழமை காலை மலையாள நண்பர்களின் முகத்தைப் பார்க்கக் கூசி அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டனர்.

இரு அணிகளும் ஏப்ரல் 16ஆம் நாள் கோழிக்கோட்டில் சூப்பர் கோப்பைக்காக மீண்டும் சந்தித்து 1—1 எனச் சமன்செய்துகொண்டன. அடுத்த லீக்கின் முதல் ஆட்டமே இவ்விருவருக்கும் வாய்த்தது. 2023 செப்டம்பர் 21ஆம் நாள், கொச்சியில். வுகோமனோவிச் தடை தீராமையால் அணியுடன் நிற்க இயலவில்லை. பெங்களூர் வீரர் ஒருவர் தம் கோலிலேயே பந்தைப் போட்டுக்கொண்டமையால் கேரளம் முந்தியது. பின்னர் 69ஆம் நிமிடத்தில், பெங்களூர்க் கோல்காவலர் குர்பிரீத் சிங் சந்து பந்தைக் காலில் வைத்துக்கொண்டு சற்றே தாமதித்த வேளையில், ஒருவர் பாய்ந்து வந்து அதனைப் பறித்துத் திறந்த கோலில் தள்ளினார். அவர் லூனா. கடைசியில் பெங்களூர் ஒரு கோலைத் திருப்பியும் போதவில்லை. ஆட்டம் 2—1 எனக் கேரளத்தின் பக்கம் முடிந்தது.